சார்ஜரின் இரண்டு தகடுகள்

ஸ்ரீ திரௌபதி அம்மன் துணை

ஜீவனஹள்ளி, பெங்களூரு
4-10-2025, சனிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை உத்தமன் அவர்களுக்கு, அத்தை பாஞ்சாலி எழுதுவது.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நம் வீட்டில் இருந்தவர்கள்: நான், உங்கள் மாமா, தர்ஷினி, எதிர்வீட்டு ஜோசஃபின். ஆள் நான்கு. பொட்டு வைத்த சாமான்கள்: மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின், அரிவாள்மனை, மாமாவின் டூல் பெட்டி, இன்வெர்ட்டர், ஜோசஃபினுடைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். வழக்கம்போல் எல்லாம் நோட்டில் எழுதியாகிவிட்டது. வராதவர் பெயரை மட்டும் நோட்டில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். நீங்கள் வரவில்லை.

ஏப்ரலில் தர்ஷினி கனடாவிலிருந்து கோபித்துக்கொண்டு இங்கே வந்ததும் போனில் உங்களைப் பேசிய பேச்சுக்குப் பிறகு இதுதான் என் முதல் கடிதம். "பீன்யாவுல எட்டு வருஷம் எலெக்ட்ரீஷியனா இருந்த ஆளுக்கு ஒரு பேட்டரியை சார்ஜ்ல போட வக்கில்லையா? போடாமலே போட்டேன்னு பொய் வேற" என்று கேட்டேன். நீங்கள் "சரிங்க அத்தை" என்றீர்கள். திருப்பித் திட்டியிருந்தால் எனக்கு அன்றே தூக்கம் வந்திருக்கும்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் அடுப்படியில் முணுமுணுத்தால் வாசலில் கேட்கும். தர்ஷினி காதில் விழும். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், ஜோசஃபின் அவள் போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புகிறாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நல்லதாய்ப் போயிற்று. நீங்களும் கையால் எழுதி அவள் நம்பருக்கே படம் அனுப்புங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தாய் இருக்கட்டும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தவள் இல்லை, பஞ்சாங்கத்தையும் மளிகைப் பொட்டலத்தையும் பார்த்து எழுத்துக் கூட்டியவள்.

தர்ஷினி நன்றாக இருக்கிறாள். போன நவம்பரில் முறிந்த வலது மணிக்கட்டு கூடிவிட்டது. குடம் தூக்குகிறாள், சப்பாத்தி தேய்க்கிறாள், குளிர் நாளில் மட்டும் லேசாக வலிக்கிறது என்கிறாள். உங்களிடம் ஞாயிற்றுக்கிழமை பேசும் இரண்டு நிமிஷமும் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வச்சிடட்டுமா. கொரியர்காரனிடம்கூட அவள் இதைவிட அதிகம் பேசுகிறாள்.

ஒயிட்ஃபீல்டில் வேலை கிடைத்திருப்பதைச் சொன்னாளா? நவம்பர் மூன்று, திங்கட்கிழமை சேர வேண்டும். சேர்ந்தால் இரண்டு வருஷம் போகமாட்டேன் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். மகள் பக்கத்திலேயே இருப்பது எனக்குச் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். போன வாரம் வரைக்கும் அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை தவறாமல் விளக்குப் போட்டவள் நான்.

இப்போது விஷயம். பூஜைக்கு மறுநாள் ஜோசஃபின் வண்டியில் சார்ஜே ஏறவில்லை. தள்ளிக்கொண்டே காக்ஸ் டவுன் வரை போனோம். மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஏனம்மா, பிளக்குக்கும் அரிசின குங்குமனா?" என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தான், பிளக்குக்கும் மஞ்சள் குங்குமமா என்று. சார்ஜ் குத்துகிற ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து கெட்டியாகி அடைத்திருந்தது. நான் வைத்த பொட்டுதான். "நீதானடி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினே, கிறிஸ்தவச்சி" என்றேன். "நான் கிறிஸ்டியன் ஆன்ட்டி, வண்டி கிறிஸ்டியனா?" என்கிறாள் அவள்.

அன்றிலிருந்து எனக்கு மனது ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன். முதலில் நீங்கள் எழுதுங்கள். அந்தப் பனி தள்ளும் மிஷினுக்கு எப்படிச் சார்ஜ் ஏற்றுகிறீர்கள்? நம் இன்வெர்ட்டருக்கு ஊற்றுவதுபோல் அதற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டுமா? சார்ஜர் எப்படி இருக்கும்? ஒன்று விடாமல் எழுதுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

அத்தை
பாஞ்சாலி


சஸ்கடூன், கனடா
11-10-2025

அத்தைக்கு உத்தமன் வணக்கம்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். தமிழில் கையால் எழுதி வருஷக்கணக்காகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? பீன்யாவில் என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர், பெண்ணைக் கொடுத்ததும் அவர். அவர் குரலைக் கேட்டு ஆறு மாதம் ஆகிறது.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். தண்ணீர் ஊற்றவே கூடாது அத்தை! இது லித்தியம் பேட்டரி, முழுக்க மூடியது. செங்கல் அளவு இருக்கும், ஆனால் செங்கல்லைவிடக் கனம். மொத்தம் இரண்டு. மிஷின் வெளியே ஷெட்டில் நிற்கும், பேட்டரி இரண்டும் வீட்டுக்குள் இருக்கும். குளிர் அதற்கு ஆகாது. பனி தள்ளி முடித்ததும் கழற்றி உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். கொண்டுவந்த உடனே சார்ஜில் போடக் கூடாது. ஜில்லென்று இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே கெட்டுப்போகும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சும்மா வைத்து, கையில் தொட்டால் வீட்டுச் சூடு வந்த பிறகுதான் போட வேண்டும். வெயில்காலத்தில் வேலை இல்லை என்று முழுசாக ஏற்றியும் வைக்கக் கூடாது, காலியாகவும் விடக் கூடாது. பாதியில் வைக்க வேண்டும். பேட்டரி மேலே நாலு சின்ன லைட் உண்டு, பட்டனை அமுக்கினால் இரண்டு எரிந்தால் பாதி. மாதம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கிறேன். ஏப்ரலிலிருந்து இரண்டிலும் இரண்டு லைட்தான். நேற்று இரண்டையும் முழுசாக ஏற்றி வைத்தேன். அடுத்த வாரம் பனி வரும் என்கிறார்கள்.

சார்ஜர் ஒரு கறுப்புப் பெட்டி, சுவரோரம் வைப்பது. பேட்டரியை அதன் மேல் தள்ளினால் டக் என்று சத்தம் கேட்கும். பெட்டியில் நாக்கு மாதிரி இரண்டு தகடு நீட்டிக்கொண்டிருக்கும், பேட்டரிக்குள் போய் உட்கார்வது அதுதான். சிவப்பு லைட் மினுக்கினால் ஏறவில்லை. பச்சை மினுக்கினால் ஏறுகிறது. பச்சை நிலையாக நின்றால் முடிந்தது.

பேட்டரி இப்போது செருப்பு ஷெல்ஃபில், தர்ஷினியின் பனி பூட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. ஹீட்டருக்குத் தூரமாக, ஜன்னலுக்கும் தூரமாக, வீட்டிலேயே நல்ல இடம் அதுதான்.

ஒயிட்ஃபீல்டு வேலை விஷயம் சொன்னாள். நல்ல கம்பெனி என்றாள். நானும் நல்லது என்றேன்.

காரணம் கேட்காதே என்றீர்கள், கேட்கவில்லை.

உத்தமன்


ஸ்ரீ திரௌபதி அம்மன் துணை

ஜீவனஹள்ளி
13-10-2025, திங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்குப் போதும். நாக்கு மாதிரி இரண்டு தகடு.

என் நோட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சிலிண்டர் மாற்றிய தேதி, இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றிய தேதி, எந்தப் பூஜைக்கு என்ன வைத்தோம், எல்லாம் இருக்கும். "உங்கம்மா எமதர்மன் ஆபீசுல வேலை பார்க்க வேண்டியவங்க" என்று மாமா சொல்லிச் சிரிப்பார். மெக்கானிக் கடையிலிருந்து வந்ததும் போன வருஷத்து நோட்டை எடுத்தேன். எழுதியிருப்பதை அப்படியே கீழே தருகிறேன்.

"11-10-2024 வெள்ளி. ஆயுத பூஜை. தர்ஷினி கனடாவில் பூஜை செய்தாள், வீடியோவில் பார்த்தேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். பொட்டு வைத்தவை: குக்கர், மிக்ஸி, கார், பனி மிஷின், பேட்டரி 2, சார்ஜர் 1. சார்ஜரில் பொட்டு நிற்கவில்லை. தகட்டில் வைக்கச் சொன்னேன்."

தகட்டில் வைக்கச் சொன்னேன். என் கையெழுத்து, மாப்பிள்ளை.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. "அம்மா, இது வழவழன்னு இருக்கு, பொட்டு வழுக்கிட்டுப் போகுது" என்றாள். "பிளாஸ்டிக்குக்கா பூஜை பண்றே? இரும்புக்குத்தாண்டி பூஜை. எங்க தகடு தெரியுதோ அங்க வை, சந்தனத்தைக் கெட்டியா குழைச்சி வை" என்றேன். "ரெண்டு தகடு இருக்கு, ரெண்டுலயும் வைக்கவா?" என்றாள். "ஒண்ணுக்கு வச்சி ஒண்ணை ஏன் விடறே, ரெண்டுலயும் வை" என்றேன். அவள் வைத்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நீங்கள் ராத்திரி பகலாய் வேலைக்குப் போய்வரும் ஆள், உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் கும்பிட்டேன்.

நவம்பர் 21 நடந்ததை என் மனதிலேயே வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். முந்தின நாள் முதல் பனி. பூஜைக்கு முன்னால் ஏற்றி வைத்த சார்ஜில் மிஷின் ஓடியது, இரண்டு பேட்டரியும் தீர்ந்தது. சாயங்காலம் நீங்கள் ஷிஃப்டுக்குப் போகும்போது ஒன்றைச் சார்ஜரில் வைத்து, "காலையில ரெடியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். காலையில் நீங்கள் திரும்புவதற்குள் அவள் வேலைக்குக் கிளம்ப வாசல் பனியைத் தள்ளப் போனாள். மிஷின் அசையவில்லை. நேரமாகிறது என்று கையாலேயே வாரினாள், படியில் வழுக்கினாள், மணிக்கட்டு போயிற்று. "வச்சேன்" என்றீர்கள் நீங்கள். "வைக்கலை, பொய்" என்றாள் அவள். நானும் சேர்ந்துகொண்டேன்.

நீங்கள் வைத்திருக்கிறீர்கள். என் சந்தனம் தடுத்திருக்கிறது.

உங்களைப் பொய்யன் என்ற இந்த வாயால் இந்த நவராத்திரி முழுக்க லலிதா சகஸ்ரநாமம் சொன்னேன். நினைக்கவே கூசுகிறது.

ஒரே ஒரு கேள்வி. பிறகு அந்தச் சார்ஜரைச் சரிசெய்தது நீங்கள்தானே? அப்போது தகட்டில் மஞ்சளாக ஏதாவது பார்த்தீர்களா? அம்மன் சாட்சியாகச் சொல்லுங்கள்.

அத்தை
பாஞ்சாலி


சஸ்கடூன்
19-10-2025

அத்தைக்கு,

தீபாவளி வாழ்த்துகள். இங்கே நேற்று முதல் பனி, கணுக்கால் உயரம். மிஷின் நன்றாக ஓடியது.

ஒரு வாரமாக உங்கள் கேள்விக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். அம்மனைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள், இனி என்ன செய்வது.

பார்த்தேன் அத்தை. அன்றைக்கே பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு வீட்டுக்கு வர மத்தியானம் ஆனது. அவளைப் படுக்கவைத்துவிட்டுச் சார்ஜரைப் பார்க்கப் போனேன். சிவப்பு மினுக்கிக்கொண்டிருந்தது. பேட்டரியை இழுத்தேன், இரண்டு தகட்டிலும் சந்தனம், மேலே குங்குமம், காய்ந்து ஓடாக. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த துணியால் துடைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். திரும்ப மாட்டினேன், பச்சை. மொத்தம் ஐந்து நிமிஷ வேலை.

சொல்லத்தான் போனேன். கதவுகிட்ட நின்றேன். அவள் படுத்துக்கொண்டே, "நல்லவேளை, பூஜையன்னைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். அதான் கையோட போச்சு. தலை அடிபட்டிருந்தா?" என்றாள். சொல்லிவிட்டு அந்தக் கட்டுப்போட்ட கையை மற்றொரு கையால் தூக்கிச் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அதற்கு மேல் நான் எந்த வாயால் சொல்வேன்? உன் பொட்டுதான் உன்னைக் கீழே தள்ளியது என்று சொல்லவா? துணியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டீ போடப் போய்விட்டேன்.

மறுநாள்தான் "நீ சார்ஜ் போடலை" என்ற பேச்சு வந்தது. அப்போதும் சொல்லவில்லை. நாள் ஆக ஆகச் சொல்லவே முடியாமல் போனது.

இன்னொன்று. தப்பு முழுக்க உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. டக் என்று சத்தம் கேட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நான் போய்விட்டேன். ஒரு விநாடி குனிந்து பார்த்திருந்தால் சிவப்பு தெரிந்திருக்கும். மாட்டிவிட்டு லைட் பார்க்காமல் போகிறவன் எலெக்ட்ரீஷியன் இல்லை. பீன்யாவில் மாமா எனக்கு முதல் நாள் சொன்னதே அதுதான். நீங்கள் போனில் கேட்டபோது "சரிங்க அத்தை" என்றேனே, பயந்து சொல்லவில்லை. வக்கில்லையா என்று கேட்டீர்கள், அது சரிதான் என்று பட்டது.

கெஞ்சிக் கேட்கிறேன், இதைத் தர்ஷினியிடம் சொல்லாதீர்கள். அவள் கும்பிட்ட கும்பிடு அவளோடு இருக்கட்டும். அங்கே அம்மா அப்பா பக்கத்தில், பனி இல்லாத ஊரில், நல்ல வேலையில் இருக்கிறாள். நான் பொய்யனாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. நான் பழகிவிட்டேன்.

அந்தத் துணியைத் துவைக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

உத்தமன்


ஸ்ரீ திரௌபதி அம்மன் துணை

ஜீவனஹள்ளி
28-10-2025, செவ்வாய்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சொல்லாதே என்றீர்கள். சொல்லிவிட்டேன். திட்டுவதாக இருந்தால் இந்தத் தடவையாவது வாய்விட்டுத் திட்டுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது முதலில் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளையே சொல்ல வேண்டாம் என்கிறார், மகளும் நம்மோடு இருந்துவிடுவாள், யாருக்கும் பாவம் இல்லை என்று நினைத்தேன். தீபாவளியன்று அவள் புதுச் சேலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து மத்தாப்புக் கொளுத்தினாள். இப்படியே இருந்தால் என்ன என்று தோன்றியது. அடுத்து கந்த சஷ்டி விரதம் ஆரம்பித்தது. ஆறு நாளும் பால், பழம்தான். பசியைப் பொறுக்க முடிகிறது மாப்பிள்ளை. அந்த நோட்டு பூஜை அலமாரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நேற்று சாயங்காலம் சிவாஜிநகர் முருகன் கோயிலில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு வந்து விரதம் விடவேண்டிய நேரம். இலையில் உட்காராமல் நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். மாமாவும் இருந்தார். ஜோசஃபின் பாயசம் வாங்கிப்போக வந்தவள் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

தர்ஷினி இரண்டு தடவை படித்தாள். "அப்படின்னா அவர் வச்சிருக்காரா?" என்றாள். "வச்சிருக்கார்" என்றேன். "அவருக்குத் தெரியுமா?" என்றாள். "அன்னைக்கே தெரியும்" என்றேன், நீங்கள் எழுதியதையும் சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "ஒரு வருஷமா பொய்யன் பொய்யன்னு வாய் வலிக்கச் சொல்லிட்டிருக்கேன். கல்லு மாதிரி கேட்டுட்டிருந்தாரா? நான் என்ன பச்சைக்குழந்தையா, சொன்னா உடைஞ்சி போயிடுவேனா? சாமியைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீயும் அவரும் சேர்ந்துக்கிட்டு என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்க!" தெருவே கேட்டிருக்கும். மாமா, "ஏம்மா, அவன் லைட்டைப் பார்க்காம போனான் பாரு, அதுக்குத் திட்டு, நியாயம் இருக்கு" என்றார். அவர் பங்குக்கு அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஜோசஃபின்தான், "அக்கா, என் வண்டிக்கும் இதே கேஸ்தான். எங்க மாதா கோயில்ல போய்ச் சொன்னா ஃபாதர் சிரிக்கிறார்" என்றாள். தர்ஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பிலேயே அழுகையும் வந்தது.

பிறகு உங்கள் கடிதங்களைக் கேட்டாள். ஜோசஃபின் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். ஒரு மணி நேரம் வரவில்லை. இறங்கி வந்து என்னை இலையில் உட்காரவைத்துப் பரிமாறினாள். சாதம் போட்டுக்கொண்டே, "பூட்ஸை இன்னும் அங்கேயேதான் வச்சிருக்காரா?" என்றாள். "எழுதியிருக்காரே" என்றேன். "துணியைத் துவைக்கலையாமே, கர்மம்" என்றாள். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அம்மனிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். பொட்டு வைத்தது தப்பில்லை, இடம் தெரியாமல் வைத்ததுதான் தப்பு, அதை என் கணக்கில் வைத்துக்கொள், பிள்ளைகள் கணக்கில் வைக்காதே என்று. அடுத்த வருஷத்துப் பக்கத்தில் இப்போதே எழுதிவிட்டேன்: "சார்ஜருக்குப் பொட்டு மூடியின் மேல். தகட்டில் கூடாது."

உங்களிடம் மன்னிப்பு என்று தனியாக எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வயதில் பெரியவள் என்று பார்க்காமல் கேட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக் காகிதம் மேஜை மேல் இருக்கிறது. கையெழுத்து இன்னும் போடவில்லை. போடாதே என்றும் நான் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை. இன்று காலை அவளே வந்து, "எழுதறேன்னு உட்கார்ந்திருக்கியே, அவரை ஒண்ணு கேளு" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சாயங்கால ஷிஃப்டுக்குப் போற நாள்ல, பேட்டரியை மாட்டிட்டு அவர் கிளம்பினதும், லைட் பச்சையா சிவப்பான்னு பார்க்க அந்த வீட்ல ஆள் வேணுமா, வேணாமா?"

வரும் திங்கட்கிழமை நவம்பர் மூன்று. அதற்குள் பதில் வேண்டும். ஜோசஃபின் நம்பருக்கு வேண்டாம், நேராக அவள் நம்பருக்கே எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

அத்தை
பாஞ்சாலி